அம்மை குத்த வந்த சிகாமணி

சென்ற வாரம் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: “சார், அம்மை குத்துற சிகாமணி பூட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?” அவர் இறந்தது எனக்குத் தெரியாது. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் சட்டைக் கையைச் சுருட்டினால் தெரியும் தழும்புகளில் பாதி அவர் வைத்தவை. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடம்பில் தெம்பில்லை, முடிந்தவரை எழுதுகிறேன்.

நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கு அவர் வந்த முதல் நாள், எல்லாத் தடுப்பு மருந்தும் ஒரே மாதிரிதான் செய்கிறார்களா என்று கேட்டேன். “எப்படி சார் ஒண்ணாவும்?” என்று சிரித்தார். காலரா மருந்துக்குக் கிருமியை வளர்த்துக் கொன்றுவிடுகிறார்கள். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், மருந்தில் கிருமியே கிடையாது. அதன் விஷத்தை எடுத்து முறித்தது. காசநோய்க்கு உயிருள்ள கிருமிதான், ஆனால் பல வருஷம் வளர்த்து வளர்த்து வீரியம் போனது. பெரியம்மை மருந்துக்கு, அம்மைக் கிருமியின் சாதுவான பங்காளியைக் கன்றின் வயிற்றுத் தோலில் கீறி விதைக்கிறார்கள். கொப்புளம் கண்டதும் அதைச் சுரண்டி அரைத்து, கிளிசரின் கலந்து கண்ணாடிக் குழாயில் அடைக்கிறார்கள்.

மறுநாளே இதை வகுப்பில் சொன்னேன். கொன்ற கிருமிக்குப் புழுங்கல் நெல்லை உதாரணம் காட்டினேன்: முளைக்காது, ஆனாலும் நெல்லென்று அடையாளம் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். கரும்பலகையில் ஒரு கன்றை வரைந்து, வயிற்றில் கொப்புளங்களும் போட்டேன். சாயங்காலத்துக்குள், “கன்னுக்குட்டிச் சீழை நம்ம புள்ளைங்க கையில வைக்கிறாங்களாம்” என்று பேச்சுப் பரவிவிட்டது. வாய்க்கு வாய் மாறியதில், யார் கிளப்பியது என்று என்னையும் சிகாமணியையும் தவிர யாருக்கும் தெரியவில்லை. கோயில் தெருவில் எல்லாக் கதவும் மூடிக்கொண்டன. அடுத்த ஊரில் அப்போது அம்மை கண்டிருந்தது.

“செடியில எடுக்கிறதுன்னு சொல்லிடுங்களேன்” என்றேன் சிகாமணியிடம்.

“இன்னிக்குக் குத்திக்குவாங்க. அடுத்த தபா எந்த மூஞ்சை வெச்சிக்கினு கதவைத் தட்டுறது?”

நான்கு நாள் வீடு வீடாக நின்றார். “கன்னுதாங்க. அதுக்கு வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். புள்ளைக்கு அம்மை வந்தா அதைவிட வலிக்கும்.” ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கோயிலுக்குப் பூக்கட்டும் கோவிந்தன் வீடு கடைசி. அது திறந்த அன்று, அவருடைய ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. குழந்தை பிழைத்தாள். ஒரு கண் போய்விட்டது.

அடுத்த மாதம் கோவிந்தன் நடுத்தெருவில் அவரை மறித்தார். “எங்களைக் கேட்டுக்கினு நின்னியே, கையைப் புடிச்சிக் குத்திட்டுப் போவக்கூடாதா? கன்னுக்குட்டிக் கதை இன்னாத்துக்குய்யா? எவன் கிளப்புனான் அதை?”

பக்கத்தில்தான் நின்றேன்.

“நான்தாங்க” என்றார் சிகாமணி.

ஏரிக்கரைமேல் திரும்பி வரும்போது அவரே பேசினார்: “எம்மேல கோவம்னா என்னோட போவும் சார். உங்க மேலன்னா புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திடுவாங்க. வெரசா நடங்க, பஸ்ஸு பூடும்.”

பிறகு அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. அதன் நிழலில் பாடம் நடத்தி, ஓய்வும் பெற்றுவிட்டேன். கோவிந்தன் இன்னும் அதே தெருவில் இருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதை நானே போய்ப் படித்துக் காட்ட வேண்டும்.