யூனிஸ் டீச்சரின் புதுத் தரை

சேலையூரில் யூனிஸ் டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதபாடமும் சொல்லிக்கொடுத்தாள். அதிர்ந்து பேச மாட்டாள். யாரிடமும் அவளுக்கு வம்பு கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை அவள் வீட்டுக் கக்கூஸ்தான்.

அது கிணற்றடியைத் தாண்டி, பின்மதிலை ஒட்டி இருந்தது. மதிலின் அடியில் ஒரு சின்னத் தகரக் கதவு. தினமும் விடிந்ததும் ஒரு பெண் பின்சந்து வழியாக வந்து, அந்தக் கதவைத் திறந்து, எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக்கொண்டு போவாள். மழைக்காலத்தில் வீட்டுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு போய்வர வேண்டும். ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார்கள் என்றால் யூனிஸுக்கு முதல் கவலை அதுதான்.

அறுபத்தேழாம் வருஷம் வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. முழுக்க இடித்துக் கட்ட வசதியில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு வேண்டியதை மட்டும் மாற்றுவது என்று திட்டம். அவள் புருஷன் தயாளன் தினமும் ரயிலேறி பீச் பக்கம் ஆபீஸுக்குப் போய்வருகிறவர். எதையும் யோசித்து யோசித்துத்தான் சரி சொல்வார்.

"வீட்டுக்குள்ளயே கக்கூஸா? சமையல்கட்டுக்கு இந்தப் பக்கமா?" என்று முகத்தைச் சுளித்தார்.

"செப்டிக் டேங்க் வெச்சா வாடையே வராதாம். வேதாசலம் மேஸ்திரி எத்தனையோ வீட்டுல கட்டியிருக்கார்."

கடைசியில் ஒப்புக்கொண்டார். கிணற்றுக்கு மோட்டார், மாடியில் தண்ணீர்த்தொட்டி, அங்கிருந்து உள்ளே குழாய். மார்கழிக் குளிரில் யூனிஸுக்கு முட்டி வலி என்பதால், குளியலறை வாசலில் கரி போட்டு எரிக்கும் செம்பு பாய்லர். இவ்வளவுக்கும் தலையாட்டிய மனுஷன் தரை விஷயத்தில் மட்டும் முரண்டு பிடித்தார்.

"சிவப்பு சிமெண்ட் போதாதா?"

"கூடத்துக்கு மட்டுமாவது மொசைக் போடுவோம். வாழ்க்கையில ஒரு தடவை."

மொசைக் போட்டார்கள். மெஷின் வைத்து இழைத்தபோது வெள்ளைச் சேறு வாசல்வரை ஓடியது. சேறெல்லாம் கழுவி முடித்த பிறகு பார்த்தால், பச்சையும் கறுப்புமாகச் சில்லுகள் மின்ன, ஜன்னல் கம்பிகூடத் தரையில் தெரிந்தது. யூனிஸ் தானே மண்டியிட்டு மெழுகு தேய்த்தாள். கால் கழுவாமல் தயாளனையே உள்ளே விடவில்லை.

புதுக் கக்கூஸ் தயாரானதும், பின்சந்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்மா. உள்ளயே கட்டிட்டோம்."

"சரிங்க டீச்சரம்மா." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "சங்கிலிய இழுத்தா தண்ணி வந்து எல்லாம் தானா போய்டுதாமே. மேஸ்திரியாளுங்க பேசிக்கினாங்க."

"ஆமாம்."

"ஒரு நாளு வந்து பாக்கட்டா?"

"அதுக்கென்ன, வாயேன்," என்றாள் யூனிஸ். சொல்லிவிட்டு உள்ளே போய் மறந்தும்போனாள். அந்த வாரமே தகரக் கதவைப் பிடுங்கிவிட்டு மதிலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

வீட்டு வேலை முடிந்ததற்கு நன்றி சொல்லி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். மாதர் சங்கத் தலைவி ஜீவரத்தினம் அம்மாள் உட்பட சர்ச் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். யூனிஸ் பாய் விரித்திருந்தும் பலர் வெறும் தரையிலேயே உட்கார்ந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஜெபம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் யாரோ நிற்பது தெரிந்தது.

அந்தப் பெண்தான். தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவிப் பின்னி, மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கையில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை வாளியில்லாமல் யூனிஸ் பார்த்தது அன்றுதான்.

"பாக்கலாம்னு வந்தேன் டீச்சரம்மா," என்று சிரித்தாள்.

கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யூனிஸ் கையில் காபித் தட்டோடு வாசலுக்குப் போனாள்.

"தரை ஈரமா இருக்கு. பின்பக்கமா வா."

தரையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"யாரு?" என்றார் ஜீவரத்தினம் அம்மாள்.

"பழைய வேலைக்காரி."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது யூனிஸுக்கே வியப்பாக இருந்தது. இந்தக் காபியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். பிறகு, இவர்கள் கிளம்பட்டும் என்று நினைத்தாள். பின்கதவைத் திறந்தால் அவளை உள்ளே கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் கூடத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் விடைபெற்றுப் போனபின் கதவைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கிணற்றடியில் யாருமில்லை. துவைக்கிற கல்லின் மேல் எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

சாப்பிடும்போது தயாளனிடம் சொன்னாள்.

"அத்தனை பேர் இருக்கும்போது அவளை எப்படி உள்ள விட முடியும்? நீ செஞ்சது சரிதான்," என்றார் அவர், ஆறுதலாக.

அவள் வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் நினைத்ததும் அதேதான். இன்னொருவர் வாயால் கேட்டபோது பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள். மறுநாள் சர்ச்சில் பிள்ளைகள் முன்னால் வேதப் புத்தகத்தைத் திறந்தவள், வாசிக்க முடியாமல் மூடிவிட்டு, இரண்டு பாட்டுப் பாடச்சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரு வாரம் தன்னோடு மல்லுக்கட்டிவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைகளுக்குப் போனாள். குழாயடியில் ஒரு கிழவர் நின்றார்.

"யாரும்மா வோணும்?"

"சேலையூர்ப் பக்கம் வேலைக்கு வருவாங்களே... ஒல்லியா, மாநிறமா..."

"இங்க எல்லாருந்தான் வேலைக்குப் போறாங்கோ. பேரு இன்னா?"

யூனிஸுக்குத் தெரியவில்லை. வகுப்பில் அத்தனை பிள்ளைகளின் பெயரையும் அப்பன் பெயரோடு சொல்லக்கூடியவள், இவள் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. குடத்தோடு போன ஒரு பெண்பிள்ளை, எப்போதோ அம்மாவோடு பின்சந்துக்கு வந்திருந்தவள், அடையாளம் கண்டுகொண்டு, "எம்மா, டீச்சரம்மா வந்துகீறாங்க," என்று குரல் கொடுத்தாள்.

அந்தப் பெண் குடிசையிலிருந்து வெளியே வந்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. ஒரு பலகையை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க. இன்னா இவ்ளோ தூரம்?"

"அன்னைக்கு நான்..." என்று யூனிஸ் ஆரம்பித்தாள்.

"அத்த வுடுங்க டீச்சரம்மா. பெரியவங்கல்லாம் குந்திகினு இருந்தாங்க. நான்தான் தெரியாம வந்துட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தப்பையும் அவளே எடுத்துக்கொண்டதுதான் யூனிஸைக் குனியவைத்தது.

"இப்ப வாங்க. முன்பக்கமாவே வாங்க. நான் காட்டறேன்," என்றாள். 'வாங்க' என்று அவளிடம் சொல்வது அதுவே முதல்தடவை.

"பாத்தாச்சி டீச்சரம்மா. இப்போ குரோம்பேட்டையில ஒரு கம்பெனியில வேலை. அங்க கக்கூஸு வரிசையா கீது. சங்கிலிய இழுத்தா தண்ணி கொட்டுது, மெய்தான். ஆனா தானா ஒண்ணும் போய்டல. தேச்சிக் கழுவுறது நான்தான்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

கிளம்பும்போது யூனிஸ் கேட்டாள்: "உங்க பேரு?"

"அஞ்சம்மா."

அதற்குப் பிறகு யூனிஸ் வீட்டுக் கக்கூஸைக் கழுவ ஆள் வைக்கவில்லை. முட்டி வலித்தாலும் தானே பினாயில் ஊற்றித் தேய்த்தாள். தயாளன் கேட்டதற்கு, "நம்ம வீட்டுது, நாமதான்," என்று முடித்துக்கொண்டாள். அஞ்சம்மாளை ஒருமுறை ரயில்வே கேட் அருகே தூரத்தில் பார்த்தாள். கூப்பிடலாமா என்று தயங்கி நிற்பதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது.

எழுபத்து நாலில் மாதர் சங்க ஆண்டுவிழா. ஜீவரத்தினம் அம்மாள் மேடையில் தாழ்மையைப் பற்றிப் பேசினார். "நம்ம யூனிஸ் டீச்சரைப் பாருங்க. இவ்வளவு படிச்சவங்க, தன் வீட்டுக் கக்கூஸைத் தன் கையாலயே கழுவுறாங்க. இதைவிடத் தாழ்மைக்கு உதாரணம் வேணுமா?"

எல்லாரும் கை தட்டினார்கள். யூனிஸின் காது மடல்கள் சுட்டன. அஞ்சம்மாளைப் பின்பக்கம் அனுப்பியதை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் பாதிப்பேர் அன்று கூடத்தில் காபி குடித்தவர்கள். அவர்களில் ஒருத்திக்காவது அந்த மஞ்சள் சேலை ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை.

"ரொம்ப நன்றி," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.