கம்பியார் குடியிருக்கும் இடம்

கம்பியாருக்குக் கோபம் வந்தால் முதலில் இடது காதுதான் சிவக்கும். அந்தக் காதுக்குக் கேட்கவே கேட்காது. பட்டாளத்தில் பக்கத்தில் வெடித்த குண்டு ஒன்று அதன் கேட்கும் சக்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கேட்காத காதுக்கு என்னத்துக்கு இத்தனை ரோஷம் என்று பழகினவர்கள் கேலி செய்வார்கள். அன்றைக்கு, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் இரண்டாம் நம்பர் ஜன்னலுக்கு முன்னால், அந்தக் காது பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது.

உள்ளே இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

"கள ஆய்வு ரெண்டு தடவை நடந்திருக்கு. ரெண்டு தடவையும், 'குறிப்பிட்ட இடத்தில் எவரும் தங்கியிருப்பதற்கான அடையாளம் இல்லை.'"

"அங்கதான் சார் படுக்கறேன். பதினாலு மாசமா."

"நீங்க சொல்றீங்க. இடம் சொல்லலையே."

"இடம் எப்படி சார் பேசும்?"

"படுக்கை, துணிமணி, சட்டி பானை ஏதாவது கிடக்கணும். ஆய்வாளர் போட்டோ எடுக்கணும். போட்டோ இல்லாம உங்கள வீடில்லாதவர்னு எழுத முடியாது." குமாஸ்தா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, முகம் பார்த்துத் தலை சீவலாம் போன்ற பூட்ஸ். "கோவிச்சுக்காதீங்க. உங்களப் பாத்தா நீங்கதான் எனக்கு வீடு வாடகைக்கு விடுவீங்க போல இருக்கு."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கம்பியார் சிரிக்கவில்லை.

"மூணாவது ஆய்வு வியாழக்கிழமை காலைல எட்டரைக்கு. அதுதான் கடைசி. அதுலயும் அடையாளம் இல்லைன்னா கோப்பை மூடிடுவோம். உங்களுக்கு ஒதுக்கின கீழ்த்தள ரூமு அடுத்த ஆளுக்குப் போயிடும்."

பட்டாளத்தில் அவர் டெலிபோன் கம்பி இழுக்கிறவராக இருந்தார். தோளில் கம்பிச் சுருளை மாட்டிக்கொண்டு முன்னால் போவார். படை நகரும்போது கடைசியாக நின்று, இழுத்த கம்பியையெல்லாம் சுருட்டிக்கொண்டு வருவார். அப்படி வந்த பெயர்தான் கம்பியார். முகாம் கலைத்துவிட்டுப் போன இடத்தில் ஒரு தீக்குச்சி கிடந்தாலும் எதிரி நம்மைக் கண்டுபிடித்துவிடுவான் என்று பதினோரு வருஷம் அவர் மண்டையில் அடித்து அடித்து ஏற்றியிருந்தார்கள். காது போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கற்றுக்கொடுத்ததைத் திரும்பி வாங்கிக்கொள்ளவில்லை.

மனைவி இருந்தவரை ஒரு வாடகை வீடு இருந்தது. அவள் போன மறுவருஷம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தக் கட்டடத்தையே இடித்தார்கள். மின்சாமான் கடையில் ஒயர் சுற்றுகிற வேலை சாப்பாட்டுக்குப் போதும். ஆனால் தனி ஆளாக நிற்கும் கிழவருக்கு வீடு கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. "குடும்பம் உண்டா?" என்பார்கள். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள் என்பார். "யோசிச்சுச் சொல்றோம்" என்பார்கள். அவர்கள் யோசிக்கிற சத்தம் கேட்காத காதுக்கே கேட்கும்.

ஆகவே, நாலு மாடிக் கார் பார்க்கிங்கின் அடித்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே இருந்த முக்கோண மூலையில் அவர் படுத்தார். வாட்ச்மேன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஐந்து மணிக்கு எழுந்ததும் போர்வையைச் செங்கல் மாதிரி நாலு மூலையும் பொருந்த மடிப்பார். பையில் வைத்து, பையைக் குழாய்க்குப் பின்னால் இருக்கும் பொந்தில் செருகுவார். படுத்த இடத்தைப் பெருக்கி, ஈரத் துணியால் துடைப்பார். எட்டரைக்கு ஆய்வாளர் வரும்போது அந்த மூலை, கட்டடம் கட்டி முடித்த அன்றைக்கு இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கும்.

பார்க்கிங்கைக் கழுவும் வாளியக்காதான் இதைக் கண்டுபிடித்தாள். எப்போதும் கையில் ஒரு சிவப்பு வாளியோடு திரிவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"அண்ணே, உங்களுக்கு எதிரி வெளியில இல்ல. உங்க ரெண்டு கைதான்" என்றாள் புதன்கிழமை. "வீடில்லைன்னு மனு போட்டுட்டு, வீடு இல்லாத அடையாளத்தையும் தொடச்சு வச்சா ஆய்வுக்கு வர்ற அந்தப் பொண்ணு எதப் படம் புடிக்கும்? என் வேலையையா?"

"அவங்களும் பட்டாளத்து ஆபீஸ்தானே. பட்டாளத்துக்காரன் எப்படிப் படுப்பான்னு தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு ஜன்னலுக்கு உள்ள உக்காந்திருக்காங்க? நாளைக்கு ஒரே ஒரு நாள் மடிக்காதீங்க."

"பாக்க அசிங்கமா இருக்குமே."

"அசிங்கமா இருந்தாத்தான் ரூமு!" வாளியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பேத்தி வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீங்களே. பச்சப்புள்ளைய எங்க படுக்க வைப்பீங்க? இந்தப் படிக்குக் கீழயா?"

அங்கேதான் கம்பியாருக்கு வலித்தது. மகளிடம் அவர் பொய் சொல்லியிருந்தார். ரூம் கிடைத்துவிட்டது, கீழ்த்தளம், கிழக்கே பார்த்த ஜன்னல் என்று. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் போட்டிருந்தது அதுதான். ஆய்வுக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மகள் அதை நம்பி டிக்கெட் எடுத்துவிட்டாள். பேத்திக்கு நாற்பத்தைந்து நாள்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்தார். போர்வையை அப்படியே விட்டார். வாளியக்கா கொடுத்த காது உடைந்த பிளாஸ்டிக் கப்பைத் தலைமாட்டில் கவிழ்த்தார். பேண்ட்டுக்கு மாறி, கட்டியிருந்த கைலியைச் சுருட்டி எறிந்தார். பிறகு எதிர்த்தாற்போல் உட்கார்ந்து அந்த அலங்கோலத்தைப் பார்த்தார். கை அரித்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஆறு அடித்தது. ஏழு அடித்தது. உட்கார்ந்தே இருந்தார்.

ஏழரைக்குப் போன் வந்தது.

"அப்பா, உங்க பேத்தி சிரிக்கிறாப்பா! நேத்து வரைக்கும் தூக்கத்துலதான் சிரிச்சா. இன்னிக்கு என் மூஞ்சியப் பாத்து சிரிச்சா!"

கம்பியார் துள்ளி எழுந்தார். "போன அவ வாய்கிட்ட வையி. கொஞ்சம் தள்ளி வையி, பயந்துக்கப் போறா. ஏ ராசாத்தி! தங்கக்கட்டி! தாத்தா பேசறேன்டி!" போனைத் தோளுக்கும் நல்ல காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். அந்தப் பக்கம் 'ங்ங்கூ' என்று ஒரு சத்தம். "கேட்டியா, என்னத்தான் கூப்பிடறா!" இந்தப் பக்கம் இவர் கொஞ்சிக்கொண்டே இங்கும் அங்கும் நடந்தார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மூலை பளிச்சென்று இருந்தது. போர்வை செங்கலாகிப் பைக்குள் போயிருந்தது. கப்பைக் கழுவிக் குழாய்மேல் கவிழ்த்திருந்தது. தரை ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. எப்போது செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் பேத்தியோடு இருந்தபோது, கை தன் பாட்டுக்கு முகாம் கலைத்திருந்தது.

பையை இழுத்து அவர் வாரைக் கழற்றுவதற்குள் ஆய்வாளர் வந்து நின்றாள். சின்ன வயசுப் பெண், கையில் ஹெல்மெட். அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டிருந்தாள்.

"ஐயா, இன்னிக்கும் ஒண்ணும் இல்லையே."

"இருந்துதும்மா! இப்பத்தான்! இரு, இரு." கம்பியார் முட்டிபோட்டார். போர்வையை உதறி விரித்தார். அதன்மேல் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தார். பட்டாளத்தில் கிட் சோதனைக்கு வைக்கிற வரிசை: இடது ஓரத்தில் சவர சாமான், அதற்கு அடுத்து தட்டு, டம்ளர், இரண்டு சட்டை, கைலி, பாலிஷ் டப்பா, மனைவியின் போட்டோ, ஒதுக்கீட்டுக் கடிதம். கடைசியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஜோடி மஞ்சள் சாக்ஸ். "எண்ணிக்க. இதுதான் என் வீடு. ஒரு ஆணி விடாம இதுதான்."

அவள் சாக்ஸைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "நான் வரும்போது இருந்த நிலைதான் கணக்குய்யா. நான் வந்தப்புறம் விரிச்சத எழுதக் கூடாது. எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

"சுத்தமா இருந்தது குத்தமா?"

"குத்தம்னு சொல்லலய்யா."

"பின்ன என்னன்னு சொல்ற? தண்ணியடிச்சுட்டு வாந்தியில பெரண்டு கெடந்திருந்தா ரூம் குடுப்பீங்க. மொகத்தக் கழுவிட்டு வேலைக்குப் போறவனுக்கு இல்ல. அப்படித்தானே? நீங்கதானேம்மா மடிக்கச் சொன்னீங்க! ஒரு மூலை கோணினா வெயில்ல நிக்க வச்சீங்களே!"

நின்று கேட்டவள் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள். அது கம்பியாருக்கும் தெரியும். கத்தாமல் இருக்க முடியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு போனில் ஒரு பொத்தானை அமுக்கினாள். 'அடையாளம் இல்லை.'

அவள் வண்டி சத்தம் ஓய்கிறவரை கம்பியார் முட்டிபோட்டபடியே இருந்தார். வாளியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவர் எல்லாவற்றையும் பையில் அடைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மடிக்காமல், திணித்து அடைத்தார்.

"எங்கண்ணே போறீங்க?"

"படுக்க."

நல அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. கம்பியார் வரிசையில் நிற்கவில்லை. நேராக இரண்டாம் நம்பர் ஜன்னலுக்குக் கீழே போய்ப் போர்வையை விரித்தார். பூட்ஸைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார். காது உடைந்த கப்பைப் பக்கத்தில் கவிழ்த்தார். மல்லாந்து படுத்துக்கொண்டார்.

குமாஸ்தா எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "என்ன பண்றீங்க?"

"படுத்திருக்கேன். தெரியலையா?"

"இது அரசாங்க ஆபீஸ்!"

"அரசாங்கம் சொன்ன எடத்துல எல்லாம் படுத்தவன்யா நான். சேத்துல படுத்தேன். பொணத்துக்குப் பக்கத்துல படுத்தேன். உன் ஆபீஸ் தரை எனக்கு என்ன, முள்ளா குத்துது? அடையாளம் கேட்டியே. நல்லாப் பாத்துக்க. படுக்கை இருக்கு, பாத்திரம் இருக்கு, துணி இருக்கு, ஆளும் இருக்கேன். குறிப்பிட்ட எடம், ரெண்டாம் நம்பர் ஜன்னல். எழுதிக்க!"

வரிசையில் அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர் இன்றும் நின்றிருந்தார். ஊன்றுகோல் வைத்தவர். அவரும் சட்டையை நன்றாகத் தேய்த்துத்தான் போட்டிருந்தார். அவர் தோள் துண்டை உதறிக் கம்பியாருக்குப் பக்கத்தில் விரித்தார். "கொஞ்சம் தள்ளிப் படுங்க. எனக்கும் ரெண்டு தடவை 'அடையாளம் இல்லை'தான்."

சத்தம் கேட்டுப் பெரிய அதிகாரி மேலே இருந்து இறங்கி வந்தார். அதே நேரம் ஆய்வாளர் பெண்ணும் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். கீழே படுத்திருந்தவரைப் பார்த்தாள். போனை எடுத்து நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் அதிகாரி.

"ஆய்வு சார். நான் வரும்போது இருந்த நிலை. இதத்தான் எழுதணும்." அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "தங்கியிருக்கும் இடம்னு ஒரு கட்டம் இருக்கு சார். நம்ம ஆபீஸ் விலாசத்தப் போடட்டுமா? தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும்."

அதிகாரிக்கு வியர்த்தது. ஒரு முன்னாள் வீரர், முன்னாள் வீரர் நல அலுவலகத்திலேயே வீடில்லாமல் தங்கியிருக்கிறார் என்று மேலே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பேனாவைத் தேடினார். பதினாலு மாசமாகக் கிடைக்காத கையெழுத்து, கம்பியார் எழுந்து பூட்ஸ் கயிறு கட்டி முடிப்பதற்குள் கிடைத்துவிட்டது.

அதற்காக அவர் கோபம் ஆறவில்லை. சாவியைச் சனிக்கிழமை வாங்கும்போதும் ஆறவில்லை. "இவ்வளவு சுளுவான வேலைன்னா எதுக்குடா இத்தன நாளு?" என்று குமாஸ்தாவைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கதவு தட்டும் சத்தம். ஆய்வாளர்தான்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. ரூம் வாங்கினவங்க உண்மையிலேயே குடியிருக்காங்களான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க. அடையாளம்..."

இடது காது குபீரென்று சிவந்தது. கம்பியார் கதவை அகலத் திறந்தார். "வா. வந்து பாரு."

கிழக்கு ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரு கம்பி, இம்மி தொய்யாமல் இழுத்துக் கட்டியிருந்தது. அதில் வரிசையாகக் குழந்தைத் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் ஈரம். பால் புட்டி ஒன்று உருண்டு கிடந்தது. நாலு மூலையும் பொருந்த மடித்திருந்த போர்வையின் நட்டநடுவில் மஞ்சள் சாக்ஸ் போட்ட ஒரு ஜீவன் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அதற்குக் கீழே போர்வை பெரிதாக நனைந்திருந்தது. மகள் அவசரமாக அதை எடுக்கப் போனாள்.

"எடுக்காத! அப்படியே இருக்கட்டும்" என்று அதட்டினார் கம்பியார். "போட்டோ எடும்மா. நல்லா கிட்டக்க வந்து எடு. போதுமா அடையாளம்?"

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். 'குடியிருக்கிறார்.'

"என் பக்கத்துல படுத்தானே, அந்த ஊன்றுகோல்காரன். அவன் எடத்துக்கு எப்ப போற?"

"நாளைக்குத்தான்ய்யா. எட்டரைக்கு. அவருக்கும் கடைசி ஆய்வு."

"அவனும் மடிச்சுத்தான் வச்சிருப்பான், பாவி." கம்பியார் சொட்டுகிற துணி ஒன்றைப் பிழிந்து மறுபடி கம்பியில் போட்டார். "நாலரைக்கே போயி அவன் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ நேரத்துக்கு வந்து சேரு."