இரண்டு விரல் ஈரம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஆறு வாரங்களாக இந்த இடத்தில் என் எழுத்தைக் காணாமல், தங்களில் சிலர் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விசாரித்ததாக ஆசிரியர் தெரிவித்தார். “அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்டார்களாம். அந்த அன்புக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலையை விட்டுவிட்டு, மனைவியுடன், ஒரு பழைய வேனில் காஷ்மீர் வரை போயிருந்தேன். சென்ற வாரம்தான் திரும்பினோம்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பாராத நான், கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் முப்பத்தோரு ஆண்டுகள் செக்கிங் பிரிவில் இருந்தேன் என்பது பழைய வாசகர்கள் அறிந்ததே. குச்சி நேராக இருக்கிறதா, மருந்து சரியாகப் பிடித்திருக்கிறதா — இவற்றைப் பார்ப்பதே என் உத்தியோகம். எங்கள் ஊரை ஒட்டி நாற்கரச் சாலை ஒன்று ஓடுகிறதல்லவா? அது வடக்கே ஸ்ரீநகர் வரை போகிறது. அந்தச் சாலையில் மதுரையைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை. நான் பார்த்து அனுப்பிய பெட்டிகள் மட்டும் போயின.

பிறகு, இந்த வயதில் ஏன் இந்தப் பயணம்? பனியைத் தொட்டுப் பார்க்க.

என் மனைவி சீனியம்மாளுக்குச் சுப்பையா என்று ஒரு தம்பி. பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு, இப்போது புதூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவர் தம் அக்காளிடம் சொன்ன செய்தி இது: “யக்கா, பனி சுடும்.”

“ஏலே, ஐஸ் எப்படிலே சுடும்? பட்டாளத்துல பொய் சொல்லத்தான் சம்பளம் குடுக்காங்களா?”

அன்று தொடங்கிய வழக்கு, அவர் ஓய்வு பெற்று வந்த பிறகும் தீரவில்லை. ஒருநாள் சீனியம்மாள் என்னிடம் சொன்னாள்: “நானே போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்தாத்தான் அவன் வாய அடைக்க முடியும்.” விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை.

ஆலையில் நாற்பது நாள் விடுப்புக் கேட்டேன். முதலாளி நல்லவர். நாற்காலியில் உட்காரவைத்துத்தான் மறுத்தார்.

“பனிதான அண்ணாச்சி? நாலு நாள் லீவு தாரேன். கொடைக்கானல் போயிட்டு வாங்க. அங்கயும் குளிரத்தான செய்யுது?”

“குளிரு வேண்டாமாம் மொதலாளி. பனியத் தொடணுமாம்.”

“அப்போ ஃப்ரிட்ஜத் தொறந்து தொடச் சொல்லுங்க!”

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தபோது இருவருமே சிரிக்கவில்லை. “கடுதாசி நல்லா எழுதிருக்கீய. ஆனா ஒங்க எடத்துக்கு வேற ஆளப் போட்ருவேன், பொறவு வருத்தப்படக் கூடாது” என்றார். நியாயமான பேச்சு. நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி எங்களுக்கென்று மிஞ்சியது, சீனியம்மாளுக்குத் தாய்வீட்டில் கொடுத்த மூன்று ஏக்கர் கரிசல் மட்டுமே. முழுக்க வானம் பார்த்த நிலம். அங்கே மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் சோளத்தை விதைத்துவிட்டுக் காத்திருப்பது வழக்கம். விதையை மூன்று விரல் ஆழத்தில் போடுவார்கள். ஈரம் அதுவரை இறங்காத சிறு தூறல் என்றால், விதை உறங்கிக்கொண்டே இருக்கும், பாதகமில்லை. ஈரம் அதற்கும் கீழே இறங்கினால் விதை விழித்துக்கொள்ளும். விழித்த பிறகு ஒரு வாரத்துக்குள் அடுத்த மழை வராவிட்டால்? முளை கருகும். உழவும் விதைப்பும் மறுபடி முதலிலிருந்து.

புரட்டாசி பிறந்ததும் உழுது விதைத்தோம். விதைக்கிற வேலையை மட்டும் சீனியம்மாள் யாரிடமும் விடமாட்டாள். வடக்குத் தெற்காக உழவுச் சால் ஓட்டச் சொல்லி, பின்னாலேயே நடந்து விதையை இட்டாள். எங்கள் நிலம் கிழக்கே சரிவு. குறுக்கே விதைத்தால்தான் தண்ணீர் ஓடாமல் நிற்குமாம். விதைத்த மூன்றாம் நாள், காட்டை — எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தை அப்படித்தான் சொல்வோம் — சுப்பையாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

வேனில் ஒரு மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, ஆறு கேன் தண்ணீர். ஆம், தண்ணீர்! வடக்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலை. கிருஷ்ணாவையும் கோதாவரியையும் அந்தக் கேன்களோடுதான் கடந்தோம். எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்?

ஒன்பதாம் நாள், நாக்பூருக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தோம். நல்ல வெயில். சுப்பையா வீடியோ காலில் வந்தார்.

“யக்கா, இங்கன மழை.”

“எவ்வளவுலே?”

“சும்மா தூத்தல்தான்.”

“தூத்தலுக்கா வீடியோல வாரே? காட்டுலதான நிக்கே? ஒரு வெட்டு வெட்டி, ஈரம் எம்புட்டுன்னு அளந்து சொல்லு.”

அவர் மண்வெட்டியால் வெட்டிக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. நிமிர்ந்து, இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

“ரெண்டே வெரல்யக்கா. அதுக்குக் கீழ புழுதி. வெத முழிக்கல. நீங்க பாட்டுக்குப் போங்க.”

எனக்கு மனம் ஒப்பவில்லை. “திரும்பிருவமா? நமக்குன்னு இருக்கது அந்த மூணு ஏக்கர்தான்” என்றேன். சீனியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கையக் கிட்டக் கொண்டாலே” என்றாள் தம்பியிடம். திரை முழுவதும் அவர் கை. கறுப்பாக, மண்ணோடு. சற்று நேரம் பார்த்தாள்.

“சரிலே, வையி.” பிறகு என்னிடம், “வண்டிய எடுங்க.”

“எந்தப் பக்கம்?”

“பனி எந்தப் பக்கம் இருக்கு?”

வடக்கே விட்டேன். நர்மதைப் பாலம் வந்தபோது எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “இம்புட்டுத் தண்ணி… ஒரு நா நம்ம காட்டுப் பக்கம் வந்துட்டுப் போனா என்ன?” அவ்வளவுதான்.

மீதி வழியைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஸ்ரீநகரைத் தாண்டி மலையேறினோம். முந்தின நாள் பெய்த புதுப் பனி, சாலையோரத்தில் கிடந்தது. சேலைக்கு மேல் என் ஸ்வெட்டர், காலில் சாக்ஸும் செருப்புமாகச் சீனியம்மாள் இறங்கினாள். குனிந்தாள். எல்லோரும் பனியை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். அவள் எறியவில்லை. விரல்களைச் சேர்த்துப் பனிக்குள் செலுத்தி, ஆழம் பார்த்தாள்!

“நாலு வெரலுக்கும் மேல போகுதுங்க.” கையை வெளியே எடுத்தவள் உதறினாள். “யாத்தே, சுடுது!”

உடனே போனைப் போட்டாள். “ஏலே சுப்பையா, சுடுதுலே!”

“சம்பளம் வாங்கிட்டுப் பொய் சொன்னேம்னியே?” என்றார் மறுமுனையில். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். குளிர் என்றாள். நானும் அப்படியே நம்பினேன்.

சென்ற வாரம் ஊர் திரும்பியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் வண்டியைக் காட்டுக்கு விடச் சொன்னாள். சுப்பையா அங்கே நின்றிருந்தார். சோளம் சாண் உயரத்தில், பச்சைப் பசேலென்று நின்றது. என் நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சீனியம்மாள் மட்டும் வரப்பில் நின்று, இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏலே, நான் வடக்குத் தெக்கால்லா போட்டேன். பயிரு கெழக்கு மேக்கா நிக்கே?”

சுப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “காத்து திருப்பிருக்கும்யக்கா.”

“மூணு ஏக்கரையுமா?”

“பெருங்காத்துல்லா.”

இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? நாங்கள் நாக்பூரில் நின்ற அன்று இங்கே இறங்கிய ஈரம் இரண்டு விரல் அல்ல. விதை விழித்து, முளைத்து, கருகியிருக்கிறது. இந்த மனிதர் தம் விதையைக் கொண்டுவந்து, தாமே உழுது, மறு மழைக்கு முன்பு மூன்று ஏக்கரையும் மறுபடி விதைத்திருக்கிறார். டிராக்டர் திரும்ப வசதி என்று கிழக்கு மேற்காக ஓட்டிவிட்டார். அந்த ஒரு பிழையைத்தான் மறைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தும் என் மனம் ஆறவில்லை. “ஒரு வார்த்த நெசத்தச் சொல்லிருந்தா நாக்பூர்லயே திரும்பிருப்பமே” என்றேன்.

சீனியம்மாள் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அவன் கையப் பாத்தேம்லா. மணிக்கட்டு வரைக்கும் அப்பியிருந்துச்சு. ரெண்டு வெரல் ஈரத்துக்குக் கரிசல் அப்படி அப்புமா?”

“பொறவு ஏன் வண்டிய வடக்க எடுக்கச் சொன்ன?”

“எனக்குப் பனியப் பாக்கணும்னு இருந்துச்சு. அவனுக்கு என்னைய அதப் பாக்க வைக்கணும்னு இருந்துச்சு. சேத்துல நின்னுக்கிட்டு அம்புட்டுக் கஷ்டப்பட்டுப் பொய் சொல்லுதான்… அத நான் வீணாக்கவா?”

ஐயா, முப்பத்தோரு ஆண்டுகள் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். அந்தத் திரையை நானும்தான் பார்த்தேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து டீக்கடையில் எனக்குத் தனி மரியாதை. “வேலைய விட்டுட்டுக் கெளம்புனீகளே, என்னா துணிச்சல் அண்ணாச்சி!” என்கிறார்கள். உண்மை தெரியுமுன் என்றால் மகிழ்ந்திருப்பேன். துணிந்து புறப்படுகிறவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவன் திரும்பிவிடாதபடி பார்த்துக்கொண்டு ஊரில் ஒருவர் நிற்கிறாரே — அவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

சுப்பையா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. காற்று என்றே சாதிக்கிறார். தை மாதம் அறுவடை முடிந்தால் அந்த வரிசைகளும் அழிந்துவிடும். வேறு சாட்சியும் இல்லை. ஆகவே, இந்த வாரத்துப் பக்கத்தை மட்டும் தாங்கள் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.