பத்தாயப் பலகையில் ஒரு பெஞ்சு

அப்பாவின் பதினாறாம் நாள் சடங்கு கழிந்ததும் நாங்கள் வீட்டை விட்டு, வைக்கோல் போட்டுவைத்திருந்த புரைக்குக் குடிமாறினோம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு மருமக்கள் வழி. ஒருவர் போய்விட்டால் வீடும் வயலும் அவருடைய அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு. பெற்ற பிள்ளைகளுக்குப் பெயருக்கு ஏதோ கொஞ்சம். அப்படித்தான் அத்தை மகனான எங்கள் அத்தான் குடும்பத்துக்குத் தலைவரான காரணவர் ஆனார். அதுவரை அடுக்களையில் உட்கார்ந்து அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் அவியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், இப்போது தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசினார்.

அம்மா அவரிடம் கேட்டது அப்பா படுத்த கட்டிலை மட்டும்தான். அது வீட்டுச் சொத்து என்றார். பிறகு இரக்கப்பட்டு, “தொழுவத்துக்குப் பொறத்த பழைய பத்தாயப் பலகை கெடக்கு அத்தை. எடுத்துக்கிடுங்க, அடுப்பெரிக்க ஆவும்” என்றார்.

நெல் போட்டுவைக்கும் பத்தாயம் எப்போதோ உடைந்து, அதன் பலகைகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமாகியிருந்தன. அம்மாவும் அக்காவும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மா அரிவாளைத் தேடவில்லை. ஒரு பலகையை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். “அயனி மரத்துத் தடியாக்கும். உள்ள ஒரு கேடும் இல்ல” என்றாள்.

ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் அத்தான் வீட்டு வேலையை நம்பிப் பிழைப்பவர். தன்னால் முடியாது என்று தலையைச் சொறிந்துகொண்டே போனவர், உளியும் அறுப்புவாளும் துளைபோடும் துரப்பணமும் இருந்த பையை எங்கள் வேலியோரம் மறந்து வைத்துவிட்டார். வேலை முடியும்வரை அவருக்கு அந்த ஞாபகம் வரவில்லை.

அம்மா துரு ஏறிய ஆணிகளைப் பிடுங்கினாள். சாம்பலும் தேங்காய்ச் சகிரியும் போட்டுத் தேய்த்துக் கழுவிய பலகைகளை, வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று நிழலில் உலர்த்தினாள். கண்ணாடிச் சில்லால் மேல்தோலைச் சுரண்டியபோது சாம்பல் நிறத்துக்கு அடியிலிருந்து மஞ்சள் எட்டிப்பார்த்தது. பேயத்தி இலையால் உரசுவது என் வேலை. சொரசொரப்பான அந்த இலை பலகையை வழவழப்பாக்கும் முன்பு என் விரல்களை வழவழப்பாக்கிவிட்டது. ஆணி பிடுங்கிய ஓட்டைகளில் அக்கா தேன்மெழுகை உருக்கி ஊற்றினாள். விளக்குக்கு வைத்திருந்த புன்னையெண்ணெய் முழுவதையும் பலகை குடித்தது. நாங்கள் அந்தியிலேயே சாப்பிட்டுப் படுத்தோம்.

கட்டில்தான் வரப்போகிறது என்று நான் நினைத்திருந்தேன். ஆசாரியின் கருவிகளால் அம்மா அறுத்துத் துளைத்துச் சேர்த்து முடித்தபோது வந்தது ஒரு நீளமான பெஞ்சு. அம்மா அதைப் புரைக்குள்ளே போடவில்லை. அத்தான் இருந்த பெரிய வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி முற்றத்தில் போட்டாள். வேலை ஒழிந்த நேரமெல்லாம் அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

ஒரு நாள் காலையில் அத்தான் இரண்டு வேலைக்காரர்களோடு வந்தார். அக்காவும் நானும் எழுந்து நின்றோம். காரணவர் வந்தால் பெண்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது. அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அத்தான் பெஞ்சைச் சுற்றிப் பார்த்தார். “இது நம்ம வீட்டுத் தடியில்லா?” என்றார்.

“நீரு தந்தது அடுப்பெரிக்க உள்ள தடி, மருமவனே. அதை எரிச்சாச்சு. இது நான் செஞ்ச பெஞ்சு.”

“தூக்குங்கலே” என்றார் அத்தான்.

வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் மெதுவாக, “அம்மை எந்திரிச்சாத்தானே தூக்க முடியும்” என்றார்.

“காரணவன் வந்து நிக்கேன். எந்திரியுங்க அத்தை.”

அம்மா கீரைக்கட்டிலிருந்து அடுத்த தண்டை எடுத்தாள். எப்படியாவது அவளைக் காப்பாற்றியாக வேண்டும் என்று, “அம்மைக்கு காலு வலி அத்தான். அதான் எந்திரிக்கல்ல” என்றேன்.

அத்தானின் முகம் தெளிந்தது. “அப்படியா? மொதல்லயே சொல்லப்பிடாதா” என்று திரும்பி நடக்கப் பார்த்தார்.

“காலுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் அம்மா. “நல்லாத்தான் இருக்கு.”

அத்தான் வேலைக்காரர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவர் எங்கள் முற்றத்துக்கு வரவே இல்லை.

நான் வாய்க்கு வந்ததைத்தான் சொல்லியிருந்தேன் என்றாலும், எழாததற்கு வேறு காரணம் எனக்குப் பிடிபடாததால், அம்மா வலியை மறைத்து வீறாப்புக்குப் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அன்று சாயங்காலம் அவளுடைய கால்கள் இரண்டையும் என் மடியில் எடுத்து வைத்து, எங்கே வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு அமுக்கிவிட்டேன். அம்மா கடைசிவரை சொல்லவில்லை.