முதல் ஆணியில் தம்பிராசா

துறைமுக வாசலுக்கு எதிரே தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்த பரீதாவுக்குக் குத்துச்சண்டை தெரியும் என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போட்டி நடக்கிற திடல் அவளுடைய பின்வேலியோடு ஒட்டிக் கிடந்தது. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அடுப்படியில் நின்றபடி வேலிக்கு மேலால் பார்த்தவள். எவனுடைய அடி காலிலிருந்து கிளம்புகிறது, எவனுடைய அடி வெறும் கோபத்தில் வருகிறது என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியாமலா போகும்?

கடைச் சுவரில் பழைய வெற்றிவீரர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. வரிசையைத் தீர்மானிப்பவள் அவள்தான். முதல் ஆணியில் தம்பிராசா, இரண்டாவதில் ஜமால்தீன். ஜமால்தீன் அவளுடைய புருசன், மௌத்தாகி மண்ணுக்குள் போய்ச் சில வருடமாகிறது. சொந்தப் புருசனையே இரண்டாம் இடத்தில் தொங்கவிட்டவளிடம் நியாயம் பேச யாருக்கு வாய் வரும்? தம்பிராசாவின் இடதுகை எந்தப் பக்கத்தால் வருகிறதென்று அடி வாங்கியவனுக்கே விளங்காது என்பாள். அந்தக் கையால் தன் மனிதர் விழுந்ததையும் அதே வேலிக்கு மேலால்தான் பார்த்தாள்.

எண்பத்தைந்தில் ஊர் இரண்டுபட்டது. தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்த காலம். அந்த நேரம் பார்த்துத் தம்பிராசா ஒரு கூட்டத்தில் மேடையேறினார். இரண்டு இனமும் பிரிந்தே இருக்கவேண்டும், இரத்தமே வேறு, முஸ்லிம் ஆட்கள் கையால் பச்சைத்தண்ணீரும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று பேசினார்.

மறுநாளே ஜமால்தீனின் தம்பி அன்ஸார் வந்து அந்தப் படத்தைக் கழற்றச் சொன்னான். தன் காக்காவை, கூடப்பிறந்த அண்ணனை, முதல் ஆணிக்கு மாற்றாவிட்டால் நம் ஆட்கள் ஒருவரும் கடைப்படி மிதிக்கமாட்டார்கள் என்றான். வெறும் மிரட்டல் இல்லை. தமிழ் ஆட்கள் ஏற்கெனவே வருவதை நிறுத்தியிருந்தார்கள். இவர்களும் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

"அவர்ர வாய் நாறிப்போச்சு, ஓம். இந்த ஆணி வாய்க்கு அடிச்சதில்ல, கைக்கு அடிச்சது" என்றாள் பரீதா. "உன்ர காக்காவுக்கு அந்தக் கை இருக்கேல்ல. பொய் சொல்லி அவர அதில தொங்கவிட எனக்கு ஏலாது."

அன்ஸார் சொன்னதைச் செய்துகாட்டினான். கடை வெறிச்சோடிப் போனது. காலையில் போட்ட வடையைப் பின்னேரம் அவளே தின்றாள். ஆனாலும் அசையவில்லை. இவள் மண்டைக்கனம் பிடித்தவள் என்று ஊர் சொன்னது. அந்தக் கனம் அவளுக்கு இருந்தது உண்மைதான்.

ஒரு பின்னேரம் தம்பிராசாவே கடைக்குள் வந்தார். பேசியது பிழையென்று சொல்லத்தான் வருகிறார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை. தன் படத்தைத் தரச் சொன்னார். மேடையில் அப்படிப் பேசிவிட்டு இவளுடைய கடையில் தொங்குகிறாயே என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுகிறார்களாம்.

பரீதா கதிரையைத் திரும்ப மேசைக்கடியில் தள்ளினாள். எவருடைய கைத்திறமைக்காகச் சொந்தச் சனத்தைப் பகைத்துக்கொண்டு பிழைப்பை இழந்தாளோ, அவருக்கே இது வெட்கமாக இருக்கிறது. அவர் சுவரை நோக்கிக் கையை நீட்டினார். அவள் குறுக்கே போய் நின்றாள். அந்த இடதுகை என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் இல்லை.

"தள்ளி நில்லுங்கோ தங்கச்சி. அது நான்."

"நீங்களா?" என்றாள் பரீதா. "இந்தப் படத்தில நிக்கிறவர் என்ர மனிசர விழுத்திப்போட்டு, அண்டைக்கே அவரோட ஒரே சகன் தட்டில கைவெச்சுச் சோறு திண்டவர். அவர் இங்கதான் இருப்பார். உங்கள எனக்குத் தெரியாது. நீங்க போங்க."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது. அவர் வந்த வழியே போனார். அடுத்த கிழமை முழுக்கவும் கடைக்கு ஆள் வரவில்லை. அவள் தினமும் விடிய எழும்பிக் கடையைத் திறந்தாள்.