பல் படாத நிலவேம்பு இலை

என் பிள்ளைகளே,

மூத்தவள் போன கிழமை தொலைபேசியில் நிலவேம்புக் கன்று ஒன்று கேட்டாள். பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் அவித்துக் கொடுக்கவாம். கன்று தருவேன். ஆனால் அதோடு ஒரு கதையையும் தர வேண்டியிருக்கிறது. இவ்வளவு காலமும் உங்கள் மூன்று பேருக்கும் நான் அதை முழுதாகச் சொன்னதில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் இடையில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அது யுத்த காலம். சீனன்குடாவுக்குக் கிட்ட, பெரிய வீதியிலிருந்து இறங்கும் மண்பாதையில் எங்கள் ஓலை வீடு இருந்தது. சின்னவர்கள் இரண்டு பேரும் அப்போது பிறக்கவில்லை. மூத்தவளுக்கு எட்டு வயது. நான் எண்ணெய்க் குதங்கள், அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகள், இருந்த பக்கம் புல் வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேதான் ஒரு நாள் நிலவேம்பைக் கண்டேன். வேரும் மண்ணுமாகச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் நின்ற காவலாளி மறித்தான். மருந்து என்றேன். நம்பவில்லை. ஒரு இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! மூன்று தரம் துப்பிவிட்டு, போ போ என்று கையை வீசினான்.

கிணற்றடியில் நட்டேன். கழுவுகிற தண்ணீர் போதும் அதற்கு, வேறு பராமரிப்பு வேண்டாம். காய் வெடித்து விதை சிந்தி, அடுத்த மழைக்குப் பத்துப் பன்னிரண்டு செடியாகிவிட்டது. வீதி எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று தெரியாத நாட்களில் அந்தப் பத்துச் செடியும் எங்களுக்குப் பெரிய ஆறுதல். காய்ச்சல் என்றால் ஒரு பிடி இலையும் தண்டும், கொஞ்சம் மிளகும் சுக்கும் போட்டு அவித்து வற்றவைப்பேன். அதை மூத்தவளுக்குக் குடிக்கக் கொடுப்பதுதான் பெரும்பாடு. ஒரு மிடறு இறங்கியதும் ஒரு கண் மூடும். வாய் ஒரு பக்கம் கோணும். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடுவாள். உங்கள் அம்மா சீனியோடு பின்னால் ஓடுவாள்.

பக்கத்து வீட்டக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "என்ன, டொக்டர் வீட்டில இண்டைக்கும் ஓட்டப்போட்டியோ?"

அந்த 'டொக்டர்' நான்தான். பகிடிக்குச் சொன்னார்கள். ஆனால் எனக்குள்ளே அது கொஞ்சம் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. பாம்பு கடித்தவர் நிலவேம்பு இலையை மெல்ல வேண்டும். கைத்தால், அதாவது கசந்தால், உடம்பில் நஞ்சு இல்லை. கைக்காவிட்டால் நஞ்சு ஏறிவிட்டது. என்னிடம் செடி இருந்ததால் இரண்டு பேர் அப்படி ஓடிவந்தார்கள். இரண்டு பேருக்கும் கைத்தது, இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு நானும் என்னை ஒரு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் ஐந்து மணி தாண்டியிருக்கும். ஆறு மணிக்கு ஊரடங்கு. மூத்தவள் அடுப்புக்கு விறகெடுக்கக் கொட்டில் பக்கம் போனவள், காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, விறகுக்குள்ள என்னவோ கடிச்சுப்போட்டுது."

"பாம்போ புள்ள?"

"தெரியாது. வழுக்கிக்கொண்டு போனது."

கணுக்காலுக்கு மேலே இரண்டு சின்னப் புள்ளிகள். வீக்கமும் இல்லை, பெரிய நோவும் இல்லை. விறகைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றையும் காணவில்லை. உங்கள் அம்மா ஓடிவந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, இப்பவே சைக்கிளை எடுங்கோ. ஆறு மணிக்கு முதல் ஆமி சென்றியைத் தாண்டிடலாம்."

"பொறும். முதல்ல இலையைக் குடுத்துப் பாப்பம்."

மூத்தவளிடம் ஒரு இலையைக் கொடுத்து, "வடிவா மெண்டு சொல்லு, கைக்குதோ?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. போவதென்றால் அந்தக் கணமே போக வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் போக விருப்பமில்லை. போகும்போது திறந்திருக்கும் வீதி, திரும்பும்போது திறந்திருக்காது. சந்தியில் இருந்த சென்றியை, இராணுவக் காவலரணை, பகலில்கூடத் தலை குனிந்துதான் கடப்பேன்.

"கைக்குது அப்பா," என்றாள்.

"வடிவாக் கைக்குதோ?"

"ஓம் அப்பா. நல்லாக் கைக்குது."

என் நெஞ்சுக்குள் இருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. "பாத்தீரா? சும்மா ஏதோ பூச்சி," என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். காலைக் கழுவி மஞ்சள் பூசினோம். ஆறு மணியும் ஆனது. வீதியில் சத்தம் அடங்கியது.

ஏழு மணிக்குச் சாப்பாடு போட்டபோது அவள் சோற்றைப் பிசையாமல் இருந்தாள். நித்திரை வருகுதென்று நினைத்தேன். உங்கள் அம்மாதான் லாம்பைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"என்ன மகள், கண்ணைத் திற."

"திறக்க ஏலாதம்மா. நீங்க ரெண்டு பேராத் தெரியிறீங்க."

அவளுடைய இமை இரண்டும் பாதியில் தொங்கின. பேச்சுக் குழறியது. ஒன்றரை மணித்தியாலத்தைக் கையால் அள்ளித் தூர எறிந்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

சைக்கிளை எடுத்தேன். உங்கள் அம்மா பின் கரியரில் இருந்து பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். ஒரு கையில் லாம்பு, மறு கையில் சைக்கிள். ஓடவும் முடியவில்லை, உருட்டிக்கொண்டு நடந்தேன். மூத்தவள் என் சட்டையை எட்டிப் பிடித்து இழுத்தாள்.

"போக வேண்டாம் அப்பா... ஆறு மணிக்குப் பிறகு சென்றியடிக்குப் போனா... திரும்பி வரமாட்டாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க."

ஓம், நான்தான் சொன்னேன். அவள் இருட்டில் வெளியே, ஒழுங்கைக்கு, ஓடாமல் இருப்பதற்காக எத்தனையோ நாள் அப்படிச் சொல்லி வெருட்டியிருக்கிறேன். சைக்கிளை இன்னும் வேகமாக உருட்டினேன்.

சந்திக்குக் கிட்டப் போனதும் "கவுத?" என்று சத்தம் வந்தது. யாரது என்று சிங்களத்தில் கேட்கிறான். துவக்கு லோட் பண்ணும் சத்தமும் கேட்டது. இரண்டு கையையும் உயர்த்தச் சொன்னான். உயர்த்தினால் சைக்கிள் சரிந்து தாயும் பிள்ளையும் விழுவார்கள். உயர்த்தாவிட்டால் சுடுவான். லாம்புக் கையை மட்டும் தலைக்கு மேலே உயர்த்தினேன். வேலைத்தலத்தில் பழகிய சிங்களம் எல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு சொல்தான் வந்தது. "சர்ப்பயா! சர்ப்பயா!" பாம்பு, பாம்பு என்று கத்திக்கொண்டு நின்றேன்.

ஒரு சிப்பாய் துவக்கை நீட்டியபடி வந்தான். டோர்ச் வெளிச்சம் முதலில் என் முகத்தில் விழுந்தது, பிறகு பிள்ளையின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றது. அவன் குனிந்து பெருவிரலால் அவளுடைய இமையை உயர்த்தினான். விட்டதும் அது விழுந்தது. இன்னொரு தரம் உயர்த்தினான், விழுந்தது. திரும்பி முகாமைப் பார்த்து ஏதோ கத்தினான். வாகனம் வரும்வரை சென்ற சில நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்வேன். அவர்களுடைய வாகனத்திலேயே எங்களை ஏற்றி அனுப்பினார்கள். அந்தச் சிப்பாயின் பெயர் தெரியாது. என் சைக்கிளை அவன் மதிலோரம் சாத்தி வைத்தது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றினார்கள். டொக்டர் என்னிடம் எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவு நேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இலையைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நஞ்சு ஏறினாலும் நிலவேம்பு கைக்கும் ஐயா, ஏறாட்டியும் கைக்கும். காய்ச்சலுக்குக் குடுங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. பாம்புக்கு இலையிட்டக் கேக்காதேங்கோ. நேர இஞ்ச கொண்டு வாங்கோ."

விடியும்வரை அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மூச்சும் அடுத்தது வருமோ வராதோ என்றுதான் போனது. விடிந்தபோது இமை கொஞ்சம் உயர்ந்தது. "சோறு," என்றாள். உங்கள் அம்மா அழுதாள்.

வீதி திறந்ததும் மாற்றுடுப்பு எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். சைக்கிள் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றித் தந்த பிள்ளையின் சட்டையைத் தோய்த்துப் போடலாமென்று கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். சட்டைப் பையைத் திருப்பிப் போட்டபோது ஒரு இலை விழுந்தது. வாடிச் சுருண்டிருந்தது. விரித்துப் பார்த்தேன். நான் கொடுத்த நிலவேம்பு இலை. ஒரு பல்லும் படவில்லை.

அவள் அதை வாயில் வைக்கவேயில்லை. எனக்கு என்ன பதில் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நஞ்சு என்றால் அப்பா சென்றியடிக்குப் போவார், போனால் திரும்பி வரமாட்டார். அப்பாவே சொன்ன கதை. எட்டு வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். இலையைப் பற்றிய நம்பிக்கை பொய் என்பது டொக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் இது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்குது என்று சொன்னபோது அவள் கண் மூடவில்லை, வாய் கோணவில்லை, கிணற்றைச் சுற்றி ஓடவில்லை. அந்தச் சிப்பாய்கூட அவள் முகத்தைப் பார்த்தான். நான் அவள் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு வீதியைப் பார்த்தேன்.

மகள், நீ பொய் சொன்னாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த இலையைப் பற்றி உன்னிடம் கேட்கவுமில்லை. உன் பிள்ளைக்கு இதை அவித்துக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக் கொடு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

அன்று காலை கிணற்றடியில் வேறு யாரும் இல்லை. செடியைப் பிடுங்கி எறியலாமா என்று நினைத்தேன், மனம் வரவில்லை. அது என்ன பிழை செய்தது? ஒரு புது இலையைக் கிள்ளி வாயில் போட்டு, கண் மூடி வாய் கோணும்வரை மென்றேன். துப்பாமல் விழுங்கினேன்.