அஞ்சலையம்மாள் வைக்காத கைநாட்டு

பன்னீர்செல்வத்தின் சாமான்களை ஏற்றிய லாரி எங்கள் ஊர் வடக்குத்துக்கு வந்தபோது, அவர் கட்டிய வீட்டின் கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. உள்ளே அவருடைய தம்பி குமார் நின்றார். என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டு மனைக்குப் பத்திரம் எழுதியவன் நான். பஸ் நிறுத்தத்தில் உள்ள என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பன்னீர் சுரங்கத்தில் பர்மனென்ட் தொழிலாளி. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கான தவணையும் முடிந்து, அன்று காலைதான் சாவியை ஒப்படைத்திருந்தார். திரும்பிப் போக இடமில்லை.

"கேட்டைத் தெறடா."

"நீ வா, அண்ணி வரட்டும், சோறு துன்னுட்டுப் போங்க. சாமானை மட்டும் எறக்காத. எறக்கினா வூடு உன்னுதுன்னு ஆயிடும்."

"கட்டினவன் நானுடா!"

"எதை வச்சிக் கட்டின? அப்பா நெலத்தை மைன்ஸுக்கு எடுத்தப்ப வூட்டுக்கு ஒரு வேலை குடுத்தாங்க. அது உனக்குப் போச்சு. நான் இன்னமும் கான்ட்ராக்ட்ல ஓடிகினு இருக்கேன். எனக்குன்னு இருக்கறது இந்த வூடு ஒண்ணுதான்."

லாரி டிரைவர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "பஞ்சாயத்தைக் கட்டில் மேல ஒக்காந்து பேசுங்க சார். எனக்கு அடுத்த ட்ரிப் இருக்கு."

கட்டிலும் பீரோவும் ரோட்டில் இறங்கின. பொழுது சாய்வதற்குள் பின்தெருவில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடித்து அதில் ஏற்றினார்கள்.

அண்ணன் தம்பி இருவரும் சொன்னது உண்மை. ஆனால் பத்திரத்தில் இருவர் பெயரும் இல்லை. மனை வாங்கியபோது பன்னீர் என்னிடம் சொன்னார்: "என் பேர்ல வாங்கினா ஆபீஸுக்கு எழுதிக் குடுக்கணும் சார். அந்தப் பேப்பர் திரும்பி வர்ற வரைக்கும் மனைக்காரரு காத்துகினு இருக்க மாட்டாரு. அம்மா பேர்ல எழுதிடுங்க." சுரங்க டவுன்ஷிப்காரர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன்.

அம்மா அஞ்சலையம்மாள் கணவரை இழந்தவர். கைநாட்டு வைத்துவிட்டுக் கட்டைவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். "அம்மாவுக்கு அப்புறம் யாருக்குன்னு ஒரு உயில் எழுதி வச்சிடலாமே" என்றேன். பன்னீரின் முகம் மாறியது. "நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்திப் பேசணுமா சார்? எங்க வூட்ல சொத்துச் சண்டையெல்லாம் வராது." முகூர்த்த நாள், கடையில் கூட்டம். நான் அடுத்த பத்திரத்தை எடுத்தேன்.

வீடு எழும்பியது. பன்னீர் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் குமார் குடும்பத்தோடு குடிவந்தார். உயில் எழுதாமலே அம்மா இறந்தார். வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சம பாகமானது. மூன்றாவது, நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் மல்லிகா.

லாரி வந்த மறுவாரம் மூவரையும் கடையில் உட்கார வைத்தேன். தம்பியும் தங்கையும் தங்கள் பாகத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வீடு பன்னீருக்கு வரும் என்று விளக்கினேன். "கொன்னாலும் போட மாட்டேன்" என்றார் குமார். மல்லிகா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பெரிய அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டா சின்ன அண்ணன் வூட்டு வாசல் எனக்கு இல்ல. சின்னவருக்குப் போட்டா பெரியவரு வாசல் இல்ல. சும்மா இருந்தா ரெண்டும் இல்ல. நான் என்னா பண்ணட்டும் சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

மல்லிகா அடுத்த பஸ்ஸுக்கு எழுந்து போனார். இரு வீட்டு விசேஷங்களுக்கும் அவர் வருவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பன்னீர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வாடகைப் போர்ஷனில் இறந்தார். பத்திர நகல் கேட்டு அவர் மனைவி என் கடைக்கு வந்தார். "சொந்த வூட்டுல அவரு ஒரு நாள் கூடப் படுக்கல சார்" என்றார். அழவில்லை. பன்னீரின் பாகம் இப்போது மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். அன்று மூவர் ஒத்துப்போக வேண்டியிருந்தது. இன்று ஐவர். ஒருவருக்கொருவர் பேச்சில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பத்திரம் பதிவதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். உயில் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளித்தாலும் மறுநாள் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. மனை பதிந்த பிறகு அஞ்சலையம்மாள் பல வருஷம் உயிரோடு இருந்தார். வாராவாரம் சந்தைக்குப் போக என் கடை வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்பார். வெயில் நாளில் உள்ளே வந்து பெஞ்சில் உட்காருவார். உயிலுக்கு வேண்டிய இரண்டு சாட்சிகள் கடையில் எப்போதும் இருந்தார்கள். மைப் பெட்டி மேஜை மேலேயே இருந்தது.